அவர் வாசிக்காமல் வைத்த கையெழுத்துகள்

என் கணவரும் நானும் ஒரே தொழில் செய்தோம். இருவரும் பட்டயக் கணக்காளர்கள். மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. வாசல் பலகையில் இரண்டு பெயர், உள்ளே இரண்டு மேசை, சுவரில் சட்டம் போட்ட இரண்டு தொழிற் சான்றிதழ். அவருடைய வாடிக்கையாளர்கள் அவருக்கு, என்னுடையவர்கள் எனக்கு. காலையில் கல்லடியிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போவோம், பின்னேரம் ஒன்றாகத் திரும்புவோம். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் போனது.

தொழிலில் அவர் என்னைவிடக் கண்டிப்பானவர். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கந்தோர் திறந்த புதிதில் ஓர் அரிசி ஆலை முதலாளி தன் பின்பக்கக் களஞ்சியத்தைத் திறந்து காட்ட மறுத்தார். "போன வருஷம் இருந்த மாதிரித்தான் சேர் இருக்கு. எழுதிப்போட்டுக் கையெழுத்த வையுங்க" என்றார். இவர் பைலை மூடி முதலாளியின் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, "பார்க்காததப் பார்த்தன் எண்டு எழுதேலாது புள்ள" என்றார். அவ்வளவுதான். அந்த ஆலையின் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது நடக்கும்போது, செங்கலடிப் பக்கம் இன்னோர் ஆலைக்கு வருட முடிவுக் கையிருப்பை எண்ணி எடுக்க இருவரும் போனோம். மூட்டை அடுக்குகளுக்கு இடையே நடந்து, எண்ணி, குறித்துக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு ஆலை மேற்பார்வையாளரைப் பார்த்து, "அப்ப எண்ணத் துவங்குவமா?" என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு, "சேர் எப்பவும் ரெண்டு தரம் எண்ணுவார்" என்றேன். அவர் மறுபடி உள்ளே போய் முதலிலிருந்து எண்ணினார். அவருக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

சில கிழமை கழித்து, வேலை முடிந்து வரும்போது பாலத்து இறக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ பழுது என்று நினைத்தேன். தலையைத் திருப்பாமலே, "எந்தப் பக்கம் கிறுகோணும்?" என்றார். எங்கள் வீட்டு ஒழுங்கை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். "இடக்கைப் பக்கம்" என்றேன். "ஓமோம்" என்று சொல்லி வண்டியை எடுத்தார். நான் பின்னால் இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது என்றுதான் அன்று பட்டது.

கொழும்புக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். தலையைப் படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், ஒரு மணிக்கூட்டை வரையச் சொன்னார்கள். மூளையைத் தாக்கும் மறதி நோய், மெல்ல மெல்லக் கூடும், நிற்பாட்ட மருந்து இல்லை என்றார் டொக்டர். பழகிய வேலைகளைச் செய்ய விடுங்கள், சும்மா இருத்தி வைக்காதீர்கள் என்றார். பொறுப்பான முடிவு எடுக்கிற வேலையை மட்டும் மெதுவாக வேறு கைக்கு மாற்றுங்கள் என்றும் சொன்னார். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பாதி என் காதில் விழாமல் இல்லை.

அந்த வருடமும் கொழும்பிலுள்ள கணக்காளர் நிறுவகத்திடமிருந்து சான்றிதழைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. வழக்கமான படிவம்தான். தொடர் கல்விக்கு எத்தனை மணித்தியாலம் போனீர்கள், வழக்கு ஏதும் உண்டா, தொழிலைச் சரியாகச் செய்ய முடியாதபடி உடல்நிலையில் ஏதும் குறை உண்டா. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டி. 'இல்லை' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டது என் கை. படிவத்தை அவர் முன் வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். வைத்தார்.

ஏன் செய்தேன் என்று பின்னர் நிறுவகத்தின் விசாரணையில் கேட்டார்கள். இன்றும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். அவர் ஒவ்வொரு காலையும் சேர்ட்டைத் தானே ஸ்திரி போட்டு, சட்டைப்பையில் பேனை செருகி, வாசலில் எனக்காக நின்றார். அந்த வாசலில் வைத்து அவரிடம் இனி வரவேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பதினான்கு மாதம் அப்படி ஓடியது. மோட்டார் சைக்கிளை விற்று ஆட்டோவில் போய் வந்தோம். அவருடைய வாடிக்கையாளர்களின் வேலையையும் நானே பார்த்தேன். பற்றுச்சீட்டுகளைப் பார்ப்பது, வங்கிக்கு எழுதிக் கேட்பது, களஞ்சியத்துக்குப் போவது எல்லாம் நான். கடைசியில் அறிக்கையை அவர் மேசையில் வைப்பேன். அவர் பக்கங்களைப் புரட்டுவார், தலையாட்டுவார், கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். கையெழுத்து மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. வேலை சரியாகத்தானே நடக்கிறது, யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறிக்கையின் முதல் வரியே, நான் இந்தக் கணக்குகளைக் கணக்காய்வு செய்தேன் என்றுதான் தொடங்கும். அந்த 'நான்' அங்கே இருக்கவில்லை. தொழிலில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது தெரியாமல் இல்லை.

எங்களிடம் ஒன்பது வருடமாக வேலை செய்த பெண்ணொருத்தி இருந்தாள். ஊர் காத்தான்குடி. பைல்களை அவளைப்போல் யாராலும் ஒழுங்காக வைக்க முடியாது. ஒருநாள் ஒரு பைலைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மெடம், இத சேர் பார்த்தவரா?"

"ஓம்."

"குறிப்பெல்லாம் உங்கட கையெழுத்தா இருக்கு."

"அவர் சொல்ல நான் எழுதினன்."

அவள் பைலைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள். அதன் பிறகு ஒரு முறையும் கேட்கவில்லை.

என் கணவரின் சொந்த ஊர் செட்டிபாளையம். அங்கே விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பகல் இல்லம் இருந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தன் வளவிலேயே தொடங்கியது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸி. வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்றின் காசில் இல்லம் நடந்தது. அவர்களுக்கு வருடாவருடம் கணக்காய்வு அறிக்கை அனுப்ப வேண்டும். என் கணவர் தன் ஊருக்காக அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்து வந்தார்.

நான் திருகோணமலைக்குப் போயிருந்த ஒரு நாளில் மிஸி கந்தோருக்கு வந்திருக்கிறார். அறிக்கையை உடனே அனுப்பச் சொல்லி வெளிநாட்டிலிருந்து அவசரப்படுத்தியிருக்கிறார்கள். நான் பாதியில் வைத்துவிட்டுப் போன வரைவு என் கணவரின் மேசைத் தட்டில் கிடந்தது. புதிய அறை கட்டிய செலவுச் சீட்டுகள் அதில் இன்னும் சேரவில்லை. என் கணவர் மிஸியை இருக்க வைத்து, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, ஊர்ப் புதினம் கேட்டு, அந்த வரைவில் கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். மிஸி நன்றி சொல்லி வாங்கிப் போய் அன்றே அனுப்பிவிட்டார்.

எனக்கு இது தெரியாது. மூன்று கிழமைக்குப் பிறகு நான் வேலையை முடித்து, சரியான அறிக்கையை அவர் முன் வைத்தேன். அதிலும் கையெழுத்து வைத்தார். அதை நானே மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினேன்.

ஒரே வருடத்துக்கு இரண்டு அறிக்கை. இரண்டிலும் ஒரே கையெழுத்து, தொகைகள் மட்டும் வேறு. அவர்கள் உதவியை நிறுத்தினார்கள். விசாரித்து முடியும் வரை ஒரு சதமும் வராது என்று எழுதினார்கள். இல்லத்தின் கேற் பூட்டப்பட்டது. மிஸி காசில் கை வைத்துவிட்டார் என்று ஊரில் கதை பரவியது. புதிய அறைக்குப் போட்ட ஓடுகூட அவர் மகளின் வீட்டில் கிடக்கிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

மிஸி கந்தோருக்கு வந்தபோது என் கணவர் சன்னலோரம் பேப்பரை விரித்து வைத்திருந்தார். அவர் எனக்கு முன்னால் வந்து அமர்ந்தார். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதில எது சரி மெடம்?"

இரண்டாவதைத் தொட்டேன்.

"அப்ப மத்தத சேர் ஏன் தந்தவர்?"

மிஸி திரும்பி என் கணவரைப் பார்த்தார். அவர் மரியாதையாகச் சிரித்தார். வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில வேலை செஞ்சன்" என்றார் மிஸி. "ஒரு பஞ்சுத் துண்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில்ல. இப்ப கடைக்குப் போனா ஆக்கள் கதைக்கிறத நிப்பாட்டுறாங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். அன்று பின்னேரமே உதவி அமைப்புக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். முதல் அறிக்கை முடியாத வரைவு, கந்தோர்ப் பிழையால் தவறுதலாக வெளியே போய்விட்டது, மன்னிக்கவும் என்று நான்கு வரி. அது போதும், பெரும்பாலும் நம்பியிருப்பார்கள். அச்செடுத்த கடிதத்தைக் கொண்டுவந்து தந்த காத்தான்குடிப் பெண் என் மேசையை விட்டு நகரவில்லை.

"மிஸி அறிக்கை வாங்க வந்த அண்டைக்கு நான் இருந்தனான் மெடம்" என்றாள். "மெடம் வரட்டும் சேர் எண்டு சொன்னன். சேர் கேக்கல. அடுத்த நாள் உங்களிட்டச் சொல்லத்தான் வந்தன்."

"ஏன் சொல்லல்ல?"

"சேர் எல்லாம் பார்க்கிறவர் எண்டு நீங்க முதலே சொல்லிட்டீங்களே மெடம்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நான் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு நாள் அது அங்கே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்குக் காலைகள் கொஞ்சம் தெளிவானவை. குசினி மேசையில் இருந்து இருவரும் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தோம். நான் சொல்லத் தொடங்கினேன். நோயைப் பற்றி முன்பும் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துகளைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. படிவத்தை, ஆலைகளை, மிஸியை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் வாசிக்காமலா வச்சன்?"

"ஓம்."

"எல்லாம்?"

"இந்தப் பதினாலு மாசத்தில வச்சது எல்லாம்."

கையிலிருந்த காயை மேசையில் வைத்தார். பிறகு, "நீ எனக்குச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

"சொன்னாலும் உங்களுக்கு மறந்திருக்கும்."

"மறந்தாலும் சொல்லியிருக்கோணும். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கோணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாடிக்கையாளருக்குப் பிழையை எடுத்துச் சொல்லும்போது இருக்கும் அதே நிதானமான குரல்தான் வந்தது.

அன்றே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று நான் செய்ததை எல்லாம் நிறுவகத்துக்கு அறிவிப்பது, அதில் என் கையெழுத்து. மற்றது அவர் தன் சான்றிதழைத் திரும்ப ஒப்படைப்பது. அதை வாசித்துவிட்டுத்தான் வைப்பேன் என்றார். அரைப் பக்கக் கடிதம். இரண்டாவது பந்திக்கு வரும்போது முதல் பந்தி போய்விடும். மேலே போவார், மறுபடி தொடங்குவார். "இது ஆர்ட சான்றிதழ்?" என்று கேட்பார். "உங்கட" என்பேன். "ஏன் குடுக்கிறன்?" என்பார். சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தி அவருக்குப் புதிது, ஒவ்வொரு தடவையும் முகம் அதேபோல் வாடும். பின்பக்க வீட்டில் சமையல் முடிந்து மணம் வரும் நேரத்தில்தான், விரலை வரிக்குக் கீழே வைத்து, கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்தார். "சரி" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

கொழும்பு விசாரணைக்கு நான் தனியாகப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். வாடிக்கையாளர்கள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். இந்த இரண்டு அறிக்கைப் பிரச்சினை வராமல் இருந்திருந்தால் எங்களிடம் வந்திருப்பீர்களா என்று அவர்களில் வயது குறைந்தவர் கேட்டார். வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். "தெரியாது" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

என் சான்றிதழ் இரண்டு வருடம் இடைநிறுத்தப்பட்டது. அந்தப் பதினான்கு மாத அறிக்கைகள் எல்லாவற்றையும் வேறு கணக்காய்வாளர் ஒருவர் திரும்பச் செய்ய வேண்டும் என்றும், வாடிக்கையாளர்களுக்கு நான் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எழுத்தோடு நேரிலும் போனேன். செங்கலடி ஆலை முதலாளி கடிதத்தை வாசித்துவிட்டு, வங்கிக்கு இனி என்ன சொல்வது என்று கேட்டார், என்னை இருக்கச் சொல்லவில்லை. காத்தான்குடியில் ஒரு நெசவுச் சாலை உரிமையாளர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "சேருக்கு துஆச் செய்யிறன். பைலத் தாங்க" என்றார். பைலைக் கொடுத்தேன். எங்களிடம் வேலை செய்த பெண் வேறு ஒரு கந்தோரில் சேர்ந்தாள். போகும்போது அலுமாரிச் சாவிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக் கட்டி வைத்துவிட்டுப் போனாள்.

உதவி அமைப்புக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன், விசாரணை முடிவையும் சேர்த்து அனுப்பினேன். மிஸியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் காசு மறுபடி வர ஏழு மாதம் எடுத்தது, அதுவும் முன்பைவிடக் குறைவு. அந்த எழுத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் போனேன். மிஸி வாசித்து மடித்து வைத்தார்.

"இனி ஊர்ல எல்லாருக்கும் இதக் காட்டித் திரியவா மெடம்?"

நான் காட்டுகிறேன், நானே வந்து எல்லோருக்கும் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"சேருக்கு மறதி வருத்தம் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவரிட்டக் கேட்டிருக்கவே மாட்டன். வருத்தக்காரரோடதான் நான் சீவியம் முழுக்க இருந்தன். எனக்கு விளங்காதா?"

இல்லம் பூட்டியிருந்த மாதங்களில் என்ன நடந்தது என்றும் சொன்னார். கம்பியைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, ஆறு வயது, பயிற்சி நின்றதும் கால் மறுபடி இறுகிவிட்டது. கேற் திறந்த நாளில் தாய் தூக்கிக்கொண்டு வந்தாளாம். மிஸி அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க அங்கே இடம் இருக்கவில்லை. சில மாதங்களில் இல்லத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு மிஸி விலகிக்கொண்டார்.

என் கணவர் அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார். முதல் வருடம் காலையில் உடுத்தி வாசலில் நிற்பார். கந்தோருக்கு இனி ஏன் போகவில்லை என்பதை ஒவ்வொரு காலையும் சொன்னேன். சில நாள் அழுதார், சில நாள் சரி என்றார். இரண்டாம் வருடம் சேர்ட்டை மறந்தார், பிறகு வாசலை மறந்தார், பிறகு என்னை. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டார். மழைக்காலம். வாவி நிரம்பி ஒழுங்கை வாய் வரை தண்ணீர் நின்றது. சனம் தண்ணீருக்குள் நடந்து வந்து போனது.

என் சான்றிதழ் அவர் இருக்கும்போதே திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போது வீட்டின் முன்னறையில் வைத்து வேலை செய்கிறேன். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பைலை வாங்குகிறேன். சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது, "அதெல்லாம் முடிஞ்சுது தானே மெடம்" என்கிறார்கள்.

அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம், மிஸி வந்தார். குடையை மடித்து வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கடைசி நாட்களில் சாப்பிட்டாரா என்று கேட்டார். கஞ்சி மட்டும் என்றேன். முதுகில் புண் வந்ததா என்றார். வரவில்லை என்றேன். "நல்லாப் பார்த்திருக்கீங்க" என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனி வேண்டாம் என்றார். இல்லத்தின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

செட்டிபாளையம் வழியாகப் போகும் களுவாஞ்சிக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிரதான வீதி வரை அவரோடு நடந்தேன். பஸ் வந்தது. ஏறி, சன்னல் பக்கம் இருந்து, "வாறன்" என்றார். பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பினேன்.